சோறு, பாட்டு, திராட்சை ரசம்: மதுரைக்கு இப்படி ஒரு தெருத் திருவிழா சரிப்படுமா?

கோரிப்பாளையத்தான் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். பொறந்து வளர்ந்தது கோரிப்பாளையம், பொழப்புக்கு இப்ப புனே. சில வருசத்துக்கு முந்தி ஆபீஸ் பசங்களோட நாசிக் போய் அங்க நடக்குற வைன் திருவிழாவைப் பாத்தேன். 2008-ல ஆரம்பிச்சது. திராட்சைத் தோட்டத்துக்குள்ள மேடை, சுத்திச் சாப்பாட்டுக் கடை, கையில ஒரு கிளாஸோட புல்லுத் தரையில உக்காந்து பாட்டுக் கேக்கலாம். அன்னையிலிருந்து மண்டைக்குள்ள இதே ஓட்டம்தான்.

நம்ம ஊர்ல என்ன இல்ல? கறி தோசை, பன் பரோட்டா, அயிரை மீன் குழம்பு, பருத்திப்பால், முள்ளுமுருங்கை வடை, ஜிகர்தண்டா. பாட்டுக்கு நையாண்டி மேளம், கரகாட்டம். திராட்சைக்குக் கம்பம் இருக்கு, ஒரு பஸ்ஸு தூரம். மீனாட்சி கோயிலைச் சுத்தியிருக்குற மாசி வீதியில வருசத்துக்கு ரெண்டு நாள் வண்டியை நிறுத்திட்டு, டிக்கெட் போட்டு நடத்தினா வெளிநாட்டுக்காரனெல்லாம் வருவான். யாராவது இதை யோசிச்சிருக்கீங்களா?

விளக்குத்தூண்வாசி

மாசி வீதியில வண்டியை நிறுத்தணுமா? அங்க வண்டி எப்ப தம்பி ஓடுச்சு, நின்னுக்கிட்டுத்தான இருக்கு.

செல்லூர் மதினி

தம்பி சித்திரை மாசம் லீவு போட்டு ஊருக்கு வந்து எத்தனை வருசம் ஆச்சு?

வருசத்துக்கு ஒருக்கா தெருவை அடைச்சு, சோறு போட்டு, மேளம் கொட்டி, ராப்பகலா நடக்குற விழா நமக்கு இல்லவே இல்லங்குற மாதிரி எழுதியிருக்கீங்க. அழகர் ஆத்துல இறங்குற அன்னைக்குத் தல்லாகுளத்துல இருந்து வண்டியூர் வரைக்கும் நடந்து பாருங்க. வீட்டுல உலை வைக்கவே வேணாம். இந்தப் பக்கம் பானகம், அந்தப் பக்கம் நீர்மோர், நாலு எட்டு வச்சா புளியோதரை, அடுத்த முக்குல தக்காளிச் சோறு. வேணாம்னு சொன்னாக் கோவிச்சுக்குவாங்க. எங்க அப்பத்தா ஒரு பந்தல் மோரையும் தட்டாது. வீட்டுக்கு வரும்போது வயிறு குடம் மாதிரி இருக்கும்.

திருக்கல்யாணத்தன்னைக்கு வடக்கு வெளிவீதி சேதுபதி பள்ளிக்கூடத்துல நடக்குற கல்யாண விருந்துக்கு முந்தின நாளே போயி காய் நறுக்கியிருக்கேன். யாரு வந்து உக்காந்தாலும் ஒரு அருவாமணையை நீட்டுவாங்க. யாரு எந்தத் தெரு, என்ன ஆளுன்னு கேள்வி கிடையாது. எனக்குக் கிடைச்சது பூசணிக்காய். சாயங்காலத்துக்குள்ள உள்ளங்கை கொப்புளிச்சுப் போச்சு. மறுநாள் சாப்பிட்டுட்டு மீனாட்சிக்கு மொய் எழுதிட்டு வந்தோம். சாமி கல்யாணத்துக்கே மொய் வைக்கிற ஊருல டிக்கெட் போடணும்ங்குறீங்களே.

கோரிப்பாளையத்தான்

மதினி, ஒத்துக்கிறேன். ஆனா அது கோயில் திருவிழா. சோறு அங்க துணைக்கு வர்றது. நான் கேக்குறது சோத்துக்காகவே கூடுற கூட்டம்.

கள்ளிக்குடிப் பங்காளி

அப்ப நீங்க தேடுறது எங்க ஊர்ப் பக்கம் இருக்கு. திருமங்கலம் தாண்டிக் கள்ளிக்குடி பக்கத்துல வடக்கம்பட்டி. அங்க முனியாண்டி சாமிக்கு வருசா வருசம் தை மாசம் பிரியாணித் திருவிழா. பேரைப் பாத்ததும் புரிஞ்சிருக்கும், ஊரெல்லாம் இருக்குற முனியாண்டி விலாஸ் பொறந்த மண்ணு இதுதான். வடக்கம்பட்டி சுப்பா நாயுடு 1937-ல காரைக்குடியில முத கடையைத் தொறந்தாரு. அவரைப் பாத்து சொந்தக்காரன், பக்கத்து ஊர்க்காரன்னு ஒவ்வொருத்தனா கிளம்பி, சாமி பேரையே கடைக்கு வச்சுத் தமிழ்நாடு பூரா, ஆந்திரா கர்நாடகான்னு போயிட்டாய்ங்க.

இந்த ஓட்டல்காரங்க தினம் காலையில முத வியாபாரத்துல வர்ற காசைக் கல்லாவுல போடாம சாமி உண்டியல்ல போடுவாங்க. வருசம் பூரா சேந்த அந்தக் காசுலதான் திருவிழா நடக்குது. எந்த ஊர்ல கடை வச்சிருந்தாலும் அந்த ரெண்டு நாள் பூட்டிட்டு ஊரு வந்து சேந்திருவாங்க.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பொம்பளைங்க தேங்காய் பழம் பூத்தட்டு எடுத்து மேளத்தோட ஊர்வலமா வருவாங்க. ராத்திரி கிடா வெட்டு. அதுக்கப்புறம் அடுப்பு. வரிசையா அண்டா அண்டாவா ஏறும். அண்டாவுக்கு ரெண்டு ஆளு நின்னு துடுப்புப் போடுவாங்க, துடுப்பு ஆள் உசரம் இருக்கும். அடுப்புக்கிட்ட நிக்கிறவன் அத்தனை பேரும் ஓட்டல் முதலாளி. அன்னைக்கு மட்டும் கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வெங்காயம் உரிப்பாய்ங்க. ரெண்டு மணிக்கு மேல தம் போட்டுருவாங்க. அந்த நேரம் காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தப் பக்கத்து ஊர்க்காரன் தூங்க முடியாது. சனிக்கிழமை விடிய சாமிக்குப் படைச்சிட்டு, காலையில டீ குடிக்கிற நேரத்துக்குப் பிரியாணி. உக்காந்தும் சாப்பிடலாம், ஏனத்துல வாங்கிக்கிட்டும் போலாம். சுத்துப்பட்டு சனம் பூரா வரும். எண்பது வருசத்துக்கு மேல நடந்துக்கிட்டு இருக்கு. டிக்கெட் கிடையாது, மேடை கிடையாது, புல்லுத் தரையும் கிடையாது. கரிசக்காட்டுல உக்காரணும்.

வெளிவீதி வெட்டிப்பய

காலை ஆறு மணிக்குக் கறி பிரியாணி. இதுக்கு மேல என்னய்யா நாகரிகம் வேணும்.

கோரிப்பாளையத்தான்

பங்காளி, இதைக் கேள்விப்பட்டிருக்கேன், ஆனா உண்டியல் கதை தெரியாது. சரி, சோறு ஆச்சு. வைனுக்கு என்ன பதில்?

தேனிக்காட்டான்

அதுக்கு நான் வர்றேன். சின்னமனூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் பந்தல் இருக்கு. பன்னீர் திராட்சை. 1832-ல ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த கொடின்னு சொல்லுவாங்க. 2023-ல கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் வந்துச்சு. மத்த ஊர்ல வருசத்துக்கு ஒரு பருவம்னா, எங்க பள்ளத்தாக்குல கவாத்தை, அதாவது கொடி வெட்டுறதை, முன்னப்பின்ன மாத்தி மாத்திப் பண்ணி வருசம் முழுக்க எங்கயாவது ஒரு தோட்டத்துல பழம் இருக்கும். நாசிக்ல கூட அது முடியாது.

ஆனா ஒரு மழை சாஞ்சு பெய்யட்டும், பழம் வெடிச்சுரும். வெடிச்ச பழத்தை வியாபாரி தொட மாட்டான். அந்தப் பழம் ரசத்துக்குத் தாராளமா ஆகும். கண்ணு முன்னாடி அது குப்பைக்குப் போறப்போ, நாசிக்காரன் ஞாபகம் எனக்கும் வரத்தான் செய்யுது. நான் வைன் குடிக்கிறவன் இல்ல. கிலோவுக்கு அஞ்சு ரூவா கூடக் கிடைக்குமான்னு பாக்குறவன்.

ஆனா நீங்க சொல்ற மாதிரி தெருவுல கிளாஸோட உக்காரணும்னா சட்டம் விடாது. 2003-லிருந்து சில்லறை விக்கிறதே டாஸ்மாக்தான். பெரிய ஓட்டல், கிளப்புக்குத் தனி உரிமம். 2023 ஏப்ரல்ல கல்யாண மண்டபம், விளையாட்டு மைதானத்துலயும் சிறப்பு உரிமத்தோட பரிமாறலாம்னு ஒரு அரசாணை வந்துச்சு, ஞாபகம் இருக்கா? அடிச்ச அடியில கல்யாண மண்டபத்தை உடனே எடுத்துட்டாங்க. மண்டபத்துக்கே அந்தக் கதின்னா மாசி வீதியை நினைச்சுப் பாருங்க.

தமிழ்வாத்தியார்

ஒரு செய்தி சொல்லலாமா? மதுரைக்கும் திராட்சைத் தேறலுக்கும் உறவு புதியதன்று. புறநானூற்று 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர் (கிரேக்க, உரோமானிய வணிகர்) கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த நறுந்தேறலைப் பொற்கிண்ணத்தில் நாளும் பருகி வாழ்க என்கிறார். வைகை கடலில் சேரும் பக்கம் அழகன்குளத்தில் தோண்டியபோது உரோமானியரின் மதுச்சாடி ஓடுகள் கிடைத்தன. கப்பலில் வந்திறங்கிய சரக்கு வைகைக் கரை வழியே நம்மூருக்கு வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

சங்கப் பாட்டான மதுரைக்காஞ்சியைப் படித்தால் பகல் கடைத்தெரு நாளங்காடி, இரவுக் கடைத்தெரு அல்லங்காடி, விழாக் கொடிகள், பண்ணியம் எனும் தின்பண்டம் விற்போர் எல்லாம் வருகிறார்கள். கொடிகளுள் கள் விற்கும் கடையின் கொடியும் ஒன்று. ‘தூங்கா நகரம்’ என்று நாம் இன்று பெருமை பேசுவது நள்ளிரவுப் பரோட்டாக் கடையைப் பார்த்து. அதைப் பாடிய மாங்குடி மருதனார் பார்த்தது அதற்கு முந்தைய பதிப்பு.

வெளிவீதி வெட்டிப்பய

வாத்தியாரே, பொற்கிண்ணம் ராசாவுக்கு. நம்மளுக்கு?

தமிழ்வாத்தியார்

நமக்குக் கள். அதையும் 1987 சனவரி முதல் தடுத்துவிட்டார்கள்.

கள்ளிக்குடிப் பங்காளி

அதான்யா என் வயித்தெரிச்சல். பக்கத்துல கேரளாவுல போர்டு வச்சுக் கள்ளுக்கடை. இங்க பனையை மாநில மரம்னு வச்சுக்கிட்டுப் பதநீர் மட்டும் இறக்கிக்கோங்குறாய்ங்க. கலயத்துல சுண்ணாம்பு தடவினா பதநீர், தடவலைன்னா பொழுது ஏறங்காட்டியும் தானாப் புளிச்சுக் கள்ளு. ஒரு விரல் சுண்ணாம்புதான் சட்டத்துக்கும் குத்தத்துக்கும் நடுவுல நிக்குது. உள்ளூர்ச் சரக்குன்னா கம்பத்து வைனுக்கு முன்னாடி இதத்தான் சொல்லணும்.

செல்லூர் மதினி

ஆம்பளைங்க எல்லாம் ரொம்ப ருசியாப் பேசுறீங்க. நான் ஒண்ணு கேக்குறேன்.

எங்க தெரு முக்குல சாயங்காலம் ஆனா நடக்குறதை நான் தினம் பாக்குறேன். எங்க வீட்டுலயும் பாத்தேன், விவரம் இங்க வேணாம். அதே சரக்கைப் புல்லுத் தரையில கண்ணாடி கிளாஸ்ல ஊத்தினா பண்பாடு, பிளாஸ்டிக் டம்ளர்ல ஊத்தினா குடிகாரப்பய. தெருவுல நடக்குற விழான்னா அந்தத் தெருவுல வீடு இருக்குறவங்களும் இருப்பாங்கல்ல? ராத்திரி பதினோரு மணிக்கு எங்க வீட்டு வாசப்படியில யாரு வாந்தி எடுத்தாலும் கழுவுறது நாந்தான். அவன் குடிச்சது வைனா கள்ளான்னு எனக்கு எதுக்கு?

மதுரைக்கு வர்ற அழகரை எதிர்கொண்டு வரவேற்குற எதிர்சேவை அன்னைக்கு விடிய விடிய நானும் என் மகளும் தல்லாகுளத்துல ரோட்டு மேல சமுக்காளம் விரிச்சுப் படுத்திருக்கோம். பக்கத்துல யாரு எவருன்னு தெரியாது. ஒரு பயமும் இருந்ததில்ல. அந்தத் தெருவை எனக்கு அப்படியே விட்டுருங்க.

தேனிக்காட்டான்

மதினி, உங்ககிட்ட எனக்குப் பதில் இல்ல. ஆனா என் திராட்சை குப்பைக்குப் போறதுக்கும் பதில் இல்ல.

நெறியாளர்

யார் சாதி எந்தத் திருவிழாவைத் தொடங்கியது, யாருக்கு முதல் மரியாதை என்ற பதிவுகள் ஆறு நீக்கப்பட்டன. தொடர்ந்தால் இழை பூட்டப்படும். உணவு, இசை, திருவிழா மட்டும்.

தவில்வீட்டுப் பிள்ளை

மூணு நாளா இந்த இழையைப் படிக்கிறேன். சோத்துக்கு இருபது பதிவு, சரக்குக்கு முப்பது. பாட்டுக்கு முதல் பதிவுல ஒரு வரி, ‘நையாண்டி மேளம், கரகாட்டம்’. அதோட சரி.

எங்க அப்பா தவில். நான் படிச்சுட்டு வேற வேலைக்கு வந்துட்டேன், ஆனா சீசனுக்கு இன்னமும் வாசிக்கப் போவேன். சீசன்னா பங்குனி, சித்திரை, வைகாசி, ஆடி. அதுக்குள்ள சம்பாதிக்கிறதுதான் வருசம் முழுக்க. நையாண்டி மேள செட்டுல ரெண்டு நாதஸ்வரம், ரெண்டு தவில், பம்பை, தமுக்கு, தாளம். செட்டுக்குப் பேசுற காசுல வேன் வாடகை போக மிச்சத்தைப் பிரிச்சா ஒரு ஆளுக்கு என்ன நிக்கும்னு கணக்குப் போட்டுப் பாருங்க. விழாக் கமிட்டி முதல்ல குறைக்கிறது எங்க காசைத்தான். ரேடியோசெட்டுக்காரருக்கு முன்பணம் போயிரும், பூக்கடைக்குப் போயிரும், எங்களுக்கு ‘சாமி காரியம், பாத்துக்கலாம்’.

ஒருதடவை மதுரைக்குப் பக்கத்துல ஒரு ஊர்த் திருவிழாவுல எங்களை ராத்திரி பத்துக்கு மேல ஆரம்பிக்கச் சொன்னாங்க. ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல போலீஸ் வந்து நிறுத்திருச்சு. பத்து மணியிலிருந்து காலை ஆறு வரைக்கும் ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000-த்துலயே விதி வந்தாச்சு. நாங்க ஒலிபெருக்கி இல்லாமலே வாசிக்கிறோம்னு அப்பா சொன்னாரு. தவிலுக்கு எதுக்கு மைக்கு? வேணாம்னு அனுப்பிட்டாங்க. பாதிக் காசுதான் கொடுத்தாங்க. அந்த ஊர்ல கறிச்சோறு நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

சித்திரையில மதுரைக்குள்ள கேக்குற பாட்டு வேற மாதிரி. மீனாட்சி ஊர்வலத்துக்கு முன்னாடி டங்கா மாடு வரும், முதுகுல முரசு கட்டி, மேல ஒரு பையன் உக்காந்து அடிச்சுக்கிட்டே வருவான். அந்தச் சத்தம் கேட்டாத்தான் சனம் வீட்டை விட்டு வெளிய வரும். அழகர் வர்ற ராத்திரிகள்ல வர்ணிப்புப் பாடுவாங்க. அழகர் மலையை விட்டு இறங்கி, மண்டகப்படி மண்டகப்படியா நின்னு, ஆத்துக்கு வர்ற வழியெல்லாம் பாட்டாவே வரும். படிக்காத பெரியவங்க மணிக்கணக்கா மனப்பாடமாப் பாடுவாங்க. சுத்தி இருபது பேரு குத்த வச்சுக் கேப்பாங்க. பத்தடி தள்ளி ஸ்பீக்கர்ல சினிமாப் பாட்டுப் போட்டா முடிஞ்சுது, வர்ணிப்புக்காரர் குரல் எங்க கேக்கும்?

அதனால கோரிப்பாளையத்தாரே, நீங்க டிக்கெட் போட்டே நடத்துங்க. எனக்கு ஆட்சேபணை இல்ல. பேசின காசு, மேடை ஏறுறதுக்கு முன்னாடி கையில. நாலு மணி நேரம் வாசிக்கிறோம்.

கோரிப்பாளையத்தான்

அண்ணே, முதல் பதிவுல உங்களை ஒரு வரியில கடந்து போனது தப்புதான்.

விளக்குத்தூண்வாசி

நானும் தொழில் பேசுறேன். ஜிகர்தண்டா வண்டி போட்டு இருபது வருசம் ஆச்சு. எல்லாரும் நினைக்கிறது, திருவிழான்னா எனக்கு அள்ளுதுன்னு. பகல்ல தெருவெல்லாம் ஓசி மோர், ஓசி பானகம். எவன் காசு கொடுத்துக் குடிப்பான்? ராத்திரி ஒன்பதுக்கு மேலதான் எனக்கு வியாபாரம். தேர் ஓடுற அன்னைக்கு நானே பகல்ல கடையை மூடிட்டு மோர் ஊத்தப் போயிருவேன். பந்தல் எங்க சந்துக்காரங்களோடது, வெல்லம் என் கணக்கு.

வெளியூர்க்காரங்க ஜிகர்தண்டாவை ஐஸ்கிரீம் பால்னு நினைச்சுக்கிறாங்க. அதுல வேலை வாங்குறது பாலும் பிசினும். பாலை நாள் முழுக்கச் சுண்டவிடணும், நிறம் செம்மண்ணா மாறணும். பாதாம் பிசினை முந்தின ராத்திரியே ஊறப்போடணும், கல்லுக் கல்லா இருக்குறது காலையில நுங்கு மாதிரி ஊதியிருக்கும். அப்புறம் நன்னாரி. பிசினை ஊறவைக்க மறந்தா அன்னைக்குக் கடை கிடையாது.

விழா நடத்துறவங்க கட்டாயம் பாக்க வேண்டியது ஐஸ். மீன் பெட்டியில போடுற ஐஸ் வேற, குடிக்கிற ஐஸ் வேற. 2018-லிருந்து சாப்பிடாத ஐஸுல நீலக் கலர் கலக்கணும்னு சட்டம் இருக்கு. வெள்ளையா இருக்குதேன்னு நம்பிராதீங்க, எங்க இருந்து வருதுன்னு கேளுங்க. ஒரு வருசம் ஒரு பந்தல்ல மோரைக் குடிச்சுட்டு மூணு நாள் படுத்தேன். நானே கடைக்காரன், எனக்கே தெரியல. இப்ப அன்னதானம் போடுறவங்களும் உணவுப் பாதுகாப்புத் துறையில பதியணும்ங்குறாங்க. ஊர்ல முணுமுணுப்பு, சாமிக்குச் சோறு போட லைசென்ஸானு. படுத்துக் கெடந்தவன் சொல்றேன், பதியட்டும்.

செல்லூர் மதினி

தண்ணிப் பாக்கெட்டையும் சேத்துக்கங்க. 2019-லயே தடை போட்டாச்சு, இன்னமும் அழகர் போன மறுநாள் ஆத்துல அதான் கெடக்குது.

பங்காளிக்கு ஒரு கேள்வி. அந்தப் பக்கம் ஆம்பளைங்க மட்டும் சாப்பிடுற விருந்து ஒண்ணு இருக்காமே?

கள்ளிக்குடிப் பங்காளி

இருக்கு மதினி. அனுப்பப்பட்டி கரும்பாறை முத்தையா கோயில், மார்கழியில. கறிச்சோறு, வெட்டவெளியில வரிசையா இலை. சமைக்கிறது, பரிமாறுறது, சாப்பிடுறது எல்லாம் ஆம்பளைங்க. சாப்பிட்ட இலையை எடுக்க மாட்டாங்க. அது காஞ்சு பறந்த பிறகுதான் பொம்பளைங்க அந்தப் பக்கம் போவாங்க.

செல்லூர் மதினி

அன்னைக்கு ஒருநாளாவது அவங்களே சமைக்கட்டும். எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல.

தமிழ்வாத்தியார்

திருவிழாவை ‘புதிதாக உருவாக்க’ முடியுமா என்று மேலே யாரோ ஏளனமாகக் கேட்டிருந்தார்கள். மதுரையில் அது ஒருமுறை நடந்திருக்கிறது. மீனாட்சி கல்யாணமும் தேரும் முன்பு மாசியில் நடந்தன. தேர் ஓடிய தெருக்களுக்கு மாசி வீதி என்ற பெயர் அதனால்தான். அழகர் ஆற்றில் இறங்கியது தேனூரில். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் காலத்தில் இரண்டையும் சித்திரையில் சேர்த்து மதுரைக்குக் கொண்டுவந்தார்கள். சைவக் கூட்டமும் வைணவக் கூட்டமும் ஒரே மாதத்தில் ஒரே ஊரில். அறுவடை முடிந்த காலம், உழவர் கையில் நெல்லும் நேரமும் இருந்த மாதம். ஆகவே கோரிப்பாளையத்தார் கேட்டதில் பிழையில்லை. அவரிடம் ஒரு நாயக்கர் இல்லை, அவ்வளவே.

வெளிவீதி வெட்டிப்பய

மகால் வேற கட்டணும்.

கோரிப்பாளையத்தான்

நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். மாசி வீதியை விட்டுட்டேன். வைனையும் விட்டுட்டேன், தேனிக்காட்டான் மன்னிக்கணும். ஆனா டிக்கெட் விசயத்துல நான் இன்னும் முழுசா மாறல. ஓசியில நடக்குற எல்லாத்துலயும் கடைசியில தவில்காரர் காசுதான் குறையுது, அதை அவரே சொல்லியிருக்காரு. சோத்துக்குக் காசு வாங்க வேணாம். பாட்டுக்கு வாங்கலாம்னு தோணுது. தமுக்கம் மைதானத்துல இல்லாம, சின்னதா ஒரு இடத்துல, வர்ணிப்புப் பாடுற நாலு பெரியவங்களையும் ஒரு நையாண்டி செட்டையும் வச்சு ஒரு ராத்திரி. ஸ்பீக்கர் இல்லாம.

தவில்வீட்டுப் பிள்ளை

ஆவணியில வைங்க. எங்களுக்கு வேலை இல்லாத மாசம்.

தேனிக்காட்டான்

மன்னிப்பெல்லாம் எதுக்கு. பழமா வேணும்னா ரெண்டு கூடை நான் கொண்டாறேன். ரசமாப் புழிஞ்சு, புளிக்க விடாம அன்னைக்கே ஊத்திருங்க. எங்க பக்கத்து வீட்டு அருளம்மா கிறிஸ்துமஸுக்குப் பீங்கான் ஜாடியில வைன் போடுவாங்க பாருங்க, அது வேற. அதைப் பத்தி இங்க பேச வேணாம்.

கோரிப்பாளையத்தான்

ஆவணி சரி. அதுக்கு முன்னாடி தையில வடக்கம்பட்டிக்கு வர்றேன். பங்காளி, சாமிக்கு ஏதாவது கொண்டுவரணுமா? எத்தனை மணிக்கு நிக்கணும்?

கள்ளிக்குடிப் பங்காளி

வெள்ளி ராத்திரியே வந்துருங்க, எங்க வீட்டுத் திண்ணையில படுத்துக்கலாம். போர்வை கொண்டுவாங்க, தைப் பனி கரிசக்காட்டுல குத்தும். வெங்காயம் உரிக்கக் கத்தி நான் தர்றேன். மூடி இறுக்கமா இருக்குற தூக்குவாளியா ஒண்ணு எடுத்துட்டு வாங்க. போன தடவை ஒருத்தர் பிளாஸ்டிக் டப்பா கொண்டுவந்தாரு, சூட்டுல உருகிப் பிரியாணி பூரா பஸ்ஸு சீட்டுல.

செல்லூர் மதினி

ரெண்டு வாளியா கொண்டு போங்க தம்பி. ஒண்ணு செல்லூருக்கு.